குறுந்தகட்டுத் திரைப்படமும் பாடவேறுபாடும்

நாடகத்தமிழின் வழித்தோன்றல் என்று திரைப்படத்தைப் பாராட்டி, அதற்குத் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்திலும் இடம் தந்துவிட்டோம். கருத்தரங்குகளில் படங்களைப் பற்றிய கட்டுரைகள் படிக்கப்பெறுகின்றன, ஆய்வேடுகளும் எழுந்துள்ளன. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவற்றைப் படிக்குந்தோறும் ஒரு வினா நம் உள்ளத்தில் எழாமற் போவதில்லை. புறநானூற்றைப் பற்றி எழுதிவரும் மாணவரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்கிறோம். பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இல்லாத மேற்கோளை நாம் ஏற்பதில்லை. அதே மாணவர் ஒரு திரைப்படத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவருங்கால், அப்படத்தை அவர் எந்தப் படியில் கண்டார் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. படத்தின் பெயர், இயக்குநர் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்று கையொப்பமிட்டு விடுகிறோம்.

1954-இல் வெளிவந்த படத்தை இன்றைய மாணவர் திரையரங்கிற் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவர் கண்டது வீட்டிலோ விடுதியறையிலோ ஒரு குறுந்தகட்டை இயக்கிக் கண்ட படம். அன்றேல், அத்தகைய தகட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றப்பெற்ற படம். மூல நெகட்டிவிலிருந்து திரையரங்குப் பிரதி, பிரதியிலிருந்து காந்த நாடா, நாடாவிலிருந்து தகடு எனக் கைமாறிக் கைமாறி வந்த படி அது. ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் படியெடுத்தோர் கையில் பழம்பாடல்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். இங்கும் அதே இடர்ப்பாடுதான். எழுத்தாணியின் இடத்திற்குப் பொறி வந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே குறுந்தகடும் ஒரு பதிப்பே என்பதும், படத்தை மதிப்பிடப் புகுமுன் பதிப்பை மதிப்பிட வேண்டும் என்பதும், அப்பணிக்குத் தமிழ்த்துறையினும் தகுதி வாய்ந்த துறை வேறில்லை என்பதும் நம் கருத்து.

சில விவரங்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஒளிக்கதிரால் படிக்கப்பெறும் படத்தகடு அமெரிக்காவில் 1978-இல் விற்பனைக்கு வந்தது. லேசர் டிஸ்க் எனப்பட்ட அது பழைய இசைத்தட்டின் அகலமுடையது. நம் இல்லங்களை அது எட்டவில்லை எனலாம். 1993-இல் வரையறை செய்யப்பெற்ற வி.சி.டி.யே நம் ஊர்த் தெருமுனைக் கடைகள் வரை வந்து சேர்ந்தது. 1996-இல் ஜப்பானில் டி.வி.டி.யும், 2006-இல் புளூரேயும் தோன்றின. இவற்றினிடையே உள்ள வேறுபாடு பெயரளவிலானதன்று. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கேற்ப அமைந்த வி.சி.டி.யின் ஒரு சட்டகத்தில் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 1 லட்சம். டி.வி.டி.யில் 720-க்கு 576. அதாவது 4 லட்சத்திற்குச் சற்று மேல். புளூரேயில் 1920-க்கு 1080. 20 லட்சத்திற்கும் மேல். ஒரு நடிகரின் முகத்தை 1 லட்சம் புள்ளிகளிற் பார்த்தவரும் 20 லட்சம் புள்ளிகளிற் பார்த்தவரும் அவர் கண்ணசைவைப் பற்றி வாதிடுவார்களாயின், இருவரும் ஒன்றையே பற்றிப் பேசுகிறார்கள் என்று கொள்வதற்கில்லை.

வி.சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். எனவே தமிழ்ப்படம் ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று தகடுகளாக வெட்டப்பட்டது. இவ்வெட்டின் விளைவை நாம் கருதிப் பார்த்ததில்லை. தமிழ்த் திரைப்படத்தில் இடைவேளை என்பது தேநீர் அருந்துவதற்கு விடப்பட்ட ஒழிவு மட்டுமன்று. கதையின் கட்டுமானத்தில் அஃது ஓர் உறுப்பு. முன்பாதியில் முடிச்சிட்டுப் பின்பாதியில் அவிழ்க்கும் திறம் இயக்குநரின் கைவண்ணத்தைக் காட்டுவது. தகட்டு வெட்டோ நிமிடக் கணக்கைப் பார்த்து விழுவது. பாட்டின் நடுவிலும் விழும், வசனத்தின் நடுவிலும் விழும். கருத்தரங்கொன்றில் மாணவர் ஒருவர், நாயகி கடிதத்தைப் பிரிக்கும் வேளையில் காட்சியை நிறுத்திப் பார்ப்பவரைத் தவிக்கவிட்ட இயக்குநரின் உத்தியை மிகவும் வியந்து பேசினார். அவர் வியந்தது முதல் தகடு முடிந்த இடத்தை! மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. ஏட்டின் ஓரம் முறிந்த இடத்தைப் பாட்டின் முடிவென்று கொண்டவர் அறிஞர்களுள்ளும் உளர்.

இத்தகைய வேறுபாடுகள் அனைத்தும் சிதைவுகள் என்றும் கொள்ளுதல் கூடாது. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. நம் தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டகங்களுக்கு அமைந்தது. அம்முறையிற் செய்த தகடுகள் பலவற்றில் படம் அதே சட்டகங்களைக் கொண்டே சற்று விரைந்து ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும். 6 நிமிடக் காட்சியை எவரோ வெட்டிவிட்டார் என்று பதறுவோர் உண்டு, வெட்டு ஏதுமில்லை. ஆயின் விரைவோடு குரலின் சுருதியும் ஏறிவிடும். சரிசெய்யாத தகடாயின், அரைச் சுரத்திற்குச் சற்றுக் குறைவான ஏற்றம். டி. எம். சௌந்தரராசனின் கம்பீரமும் நடிகர் திலகத்தின் அடித்தொண்டைக் குரலும் தகட்டில் சற்றே மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இசைப்பாடல்களின் இராகத்தையும் சுருதியையும் பற்றித் தகட்டைக் கேட்டே எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். சொல் மாறவில்லை, பண் மாறியது என்று இதனைச் சொல்லலாம்.

அகலத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல் வெளிவந்தது. உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமுள்ளது அத்திரை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ உயரத்தைப் போல் 1.33 மடங்கு. அகன்ற படத்தை அப்பெட்டி நிறையுமாறு போட்டால் பக்கங்களில் 43 விழுக்காடு வெளியே போய்விடும். அரசவையில் மன்னர் ஒருபுறமும் அவரை எதிர்த்துப் பேசுவோர் மறுபுறமும் நிற்கும் காட்சியில், தகட்டில் நமக்குக் கிடைப்பது நடுவிலுள்ள தூண். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் தரும் தகட்டைப் 'படம் சிறிதாகத் தெரிகிறது' என்று கடையில் திருப்பித் தந்தவர்களை நாம் அறிவோம். இன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் அகன்றுவிட்டன; நோயும் இடம் மாறிவிட்டது. ஏறத்தாழச் சதுரமாக எடுக்கப்பெற்ற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அகலப் பெட்டிக்கு ஏற்ப இழுத்தோ, தலையும் காலும் வெட்டியோ தருகின்றனர். பத்மினியின் ஆட்டத்தில் பாதம் தெரியாவிடில் மிச்சம் என்ன?

இனி வகைமைக்கு வருவோம். நம் பட விமரிசனங்கள் குற்றப் படமாயினும் வரலாற்றுப் படமாயினும் நகைச்சுவைப் படமாயினும் கதை, வசனம், பாடல், நடிப்பு என்று ஒரே அளவுகோலால் அளந்து மதிப்பெண் இடுகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றின் நிலைக்களனாகப் பிறக்கும் என்றும் சொல்லிச் சென்றார். அச்சத்தின் நிலைக்களன் வேறு, நகையின் நிலைக்களன் வேறு, மருட்கையின் நிலைக்களன் வேறு. தகட்டின் குறைபாடுகளும் எல்லா மெய்ப்பாட்டையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. ஒன்றைச் சிதைக்கும் தகடு மற்றொன்றைத் தொடாமலே விட்டுவிடவும் கூடும்.

எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' (1954) படத்தை எடுத்துக்கொள்வோம். பாடல் இன்றித் தமிழ்ப்படமே இல்லை என்றிருந்த காலத்தில் ஒரு பாடலும் இல்லாமல் வந்த படம். 1943-இல் சென்னையின்மேல் ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிக் கதை அமைகிறது. வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு மடிகிறான். பக்கத்து வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி என ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல, துப்பறியும் அதிகாரி கேட்கிறார். அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) படத்தோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். இப்படத்தில் நிழல் வெறும் ஒளிப்பதிவு அழகன்று. அது சாட்சியங்களில் ஒன்று. எவர் முகத்தில் எவ்வளவு இருள் விழுகிறது என்பதைக் கொண்டே எவரை எவ்வளவு நம்பலாம் என்று நாம் கணக்கிடுகிறோம். மலிவான வி.சி.டி.யில் நடப்பது என்ன? இருளின் சாயல் வேறுபாடுகளைப் பொறி சிக்கனத்தின் பொருட்டு ஒன்றாக்கிவிடுகிறது. நிழல்கள் சதுரம் சதுரமாகத் திரண்டு நெளிகின்றன. வசனம் முழுமையாக இருக்கிறது, கதை முழுமையாக இருக்கிறது. ஐயம் மட்டும் போய்விடுகிறது. அத்தகட்டைப் பார்த்தவர் 'கதை நன்று, ஒளிப்பதிவு சுமார்' என்று எழுதுவாராயின், அவர் படத்தை மதிப்பிடவில்லை; கடைக்காரரை மதிப்பிட்டிருக்கிறார்.

இதே படத்திற்குத் தகடு செய்த நன்மையையும் மறைத்தல் நேர்மையாகாது. துப்பறியும் படம் இருமுறை பார்க்கத் தக்கது. முதன்முறை கொலைகாரர் யார் என்று அறியப் பார்க்கிறோம். அறிந்தபின், அறிந்த கண்ணோடு மறுபடியும் பார்த்தால்தான் ஆசிரியரின் நாணயம் புலப்படும். பண்டரிபாய் ஏற்ற உஷா என்னும் பாத்திரத்தின் துயரந் தோய்ந்த முகத்தை, முடிவு தெரிந்தபின் பின்னோக்கிச் சென்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில், அந்நடிப்பு எத்துணை நுட்பமாகக் கட்டப்பட்டது என்பது விளங்குகிறது. திரையரங்கிற் படம் நம்மைக் கடந்து செல்கிறது. தகட்டில் நாம் படத்துள் நடந்து செல்கிறோம். பாட்டைச் செவியாற் கேட்டலுக்கும் ஏட்டைக் கையில் வைத்துப் படித்தலுக்கும் உள்ள வேறுபாடே இது. திறனாய்வு என்பது படித்தலிலிருந்து பிறந்த கலை. (வேடிக்கை ஒன்று: தமிழ்த் தகடுகளின் முகப்பில் படத்தைப் பகுதி பிரிப்போர் பாடல்களைக் கொண்டே பிரிப்பது வழக்கம். பாடலே இல்லாத இப்படத்தை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் திகைத்திருக்க வேண்டும்.)

நகைச்சுவைக்கு வந்தால் நிலை வேறு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தந்தையாக வரும் பாலையாவிற்குத் திகிற்கதை சொல்லும் காட்சியை அறியாதார் இலர். கதை சொல்பவர் வாயாலேயே எல்லா ஒலிகளையும் எழுப்ப, கேட்பவர் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. ஒருவரது அச்சம் மற்றவர்க்கு நகையாகும் விந்தை அக்காட்சியில் உண்டு. பழுதுபட்ட தகட்டிலும் இக்காட்சி பிழைத்துக்கொள்கிறது. நிறம் வெளுத்திருக்கலாம், ஓரம் வெட்டுண்டிருக்கலாம். இருவர் முகமும் ஒருவர் குரலும் கிடைத்தாற் போதும். தகட்டால் தர முடியாதது ஒன்றே. அரங்கு நிறைந்த சிரிப்பு. தனியறையில் ஒருவர் மட்டும் இருந்து பார்த்து 'சிரிப்பு வரவில்லை' என்று எழுதும் விமரிசனத்தை நாம் ஏற்கத் தயங்குகிறோம். நகை கூட்டத்திற் பிறப்பது. விடுதியில் பத்து மாணவரோடு அமர்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

மருட்கைக்கு எடுத்துக்காட்டாகக் கே. ஆசிஃப் இயக்கிய 'முகலே ஆசம்' (1960) படத்தைக் காட்டுவோம். இதனைத் தமிழர்க்கு அயலான படம் என்று தள்ளிவிட வேண்டா. இதன் தமிழ் வடிவம் 'அக்பர்' என்ற பெயரில் 1961-இல் வெளிவந்து, வரவேற்பின்றிப் போயிற்று. 197 நிமிடம் ஓடிய இப்படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகையில் அனார்கலி பாதுஷாவின் முன் அஞ்சாது ஆடிப் பாடும் காட்சியும் இறுதிப் பகுதியும் மட்டும் வண்ணத்தில் எடுக்கப்பெற்றவை. 2004-இல் படம் முழுவதற்கும் கணினியால் வண்ணம் ஏற்றி, ஏறத்தாழ 20 நிமிடம் குறைத்து, ஒலியையும் புதுக்கி மறுபடியும் வெளியிட்டனர். பழைய வடிவமும் புதிய வடிவமும் தகடுகளாகக் கிடைத்தன. இளைஞர் பலர் கண்டது வண்ண வடிவத்தையே.

வண்ண வடிவம் அழகாக இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள், மதுபாலாவின் ஆடைக்கு இட்ட நிறத்தில் குறை காண்பது அரிது. ஆனால் 1960-இல் அரங்கில் இருந்தவனை எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் கறுப்பிலும் வெள்ளையிலும் பழகிய கண் அவனுடையது. அதன்முன் ஒரே கணத்தில் மாளிகை வண்ணமாகிறது. ஆயிரம் கண்ணாடிச் சில்லுகளிலும் அவள் உருவம் ஆடுகிறது. அடிமைப்பெண் ஒருத்தி பேரரசன் முகத்திற்கெதிரே காதலை மறைக்க மறுக்கும் கணமும் அதுவே. அவள் துணிவினால் உலகமே நிறம் பெற்றது போன்றதொரு மயக்கம். மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் புதுமையும் ஒன்று. படம் முழுவதும் வண்ணமான பிறகு புதுமை எங்கிருந்து வரும்? நிறம் கூட்டப்பட்டது, நிறத்தின் பொருள் கழிக்கப்பட்டது. வண்ண வடிவத்தை மட்டும் கண்டவர் 'ஏனைய பாடற்காட்சிகளைப் போன்றே இதுவும் ஒரு பாடற்காட்சி' என்று எழுதினால், அவர் கண்ட படியைப் பொறுத்தவரை அஃது உண்மையே. எந்தப் படி என்று கேளாத ஆசிரியரே அவ்வுண்மையைப் பொய்யாக்குகிறார்.

நல்ல பதிப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்னும் ஜெர்மானிய ஊமைப்படம் 1927-இல் வெளிவந்த சில மாதங்களில் வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டிய பகுதிகள் அழிந்தன என்றே எண்ணியிருந்தனர். 2008-இல் அர்ஜெண்டினா நாட்டுப் புவனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் நீண்ட படி ஒன்று இருப்பது தெரியவந்தது. பழைய படிகளில் இல்லாத ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் அதில் இருந்தன. ஆனால் அது 16 மில்லிமீட்டர் சுருளில் எடுத்த படி, கீறல்கள் மண்டியது, ஓரத்தில் சிறிது வெட்டுண்டது. 2010-இல் முழுமையாக்கி வெளியிட்டோர், அக்கீறல்களை முற்றிலும் மறைக்க முயலவில்லை. வெட்டுண்ட ஓரத்தை நிரப்பாமல் கறுப்பாகவே விட்டனர். தகட்டில் காணும் எவரும் எது நல்ல படியிலிருந்து வந்தது, எது சிதைந்த படியிலிருந்து வந்தது என்று கண்ணாலேயே அறிந்துகொள்ளலாம். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத அடிகளைத் தாமே பாடி நிரப்பவில்லை. சிதைந்த இடம் சிதைந்த இடமாகவே நிற்கிறது. 267, 268 ஆகிய பாடல்கள் இன்றளவும் இல்லை. அவரோடு ஒத்த உள்ளம் படைத்தோர் திரைப்படத் துறையிலும் இருக்கின்றனர் என்பது நமக்கு ஆறுதல் தருகிறது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) நெகட்டிவ் 1993-இல் இலண்டன் ஆய்வுக்கூடத் தீவிபத்தில் கருகியது. குப்பையில் எறியாமல் வைத்திருந்த அக்கரிந்த சுருள்களைப் பல ஆண்டுகள் கழித்து இத்தாலி நாட்டுப் பொலோனாவில் பதப்படுத்திப் பிரித்தெடுத்தனர். படத்தின் 40 விழுக்காடு அந்த மூலத்திலிருந்தே மீண்டது. எஞ்சியதற்கு வேறு படிகள் உதவின. 2015-இல் அது தகடாக வெளிவந்தது. உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' (1948) என்னும் இந்திப் படமும் இவ்வாறே செப்பம் பெற்று 2012-இல் கான் விழாவிற் காட்டப்பெற்று, 2022-இல் அமெரிக்காவில் தகடாயிற்று. சென்னையிற் பிறந்த படத்திற்குப் பதிப்பாசிரியர் கடல் கடந்து கிடைத்தனர்.

தமிழ்ப்படங்களின் நிலை என்ன? முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இல்லாமல் மறைந்தது. அதற்கு முற்பட்ட 'கீசக வதம்' என்னும் ஊமைப்படமும் அவ்வாறே. 'கர்ணன்' (1964) போன்ற சிலவே கணினியாற் புதுக்கப்பெற்று 2012 முதல் அரங்கிற்கு மீண்டன. ஏனையவற்றில் பல, எவரோ ஒரு தகட்டு வியாபாரி நாடாவிலிருந்து எடுத்துப் போட்ட படியாகவே வாழ்கின்றன. மூலையில் வணிக முத்திரை, அடியில் ஓடும் விளம்பரம், ஒரே தகட்டில் மூன்று படம் என்ற நெருக்கடி இவற்றோடு. பனையோலையில் நெருக்கி எழுதிய ஏட்டை நினைவூட்டுவன அவை. பிழை மலிந்தவைதாம், ஆயினும் பிழை மலிந்த ஏடுகளிலிருந்தே 1842-இல் சீறாப்புராணமும் 1887-இல் சீவகசிந்தாமணியும் அச்சேறின என்பதை மறத்தல் தகாது.

தகட்டை இழித்துப் பேசும் திரைப்பட அன்பர்களுக்கு மற்றொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். பெரிய திரையிற் காணாதது படமே அன்று என்பது அவர் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆனால் நம் ஊர்களில், முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில், பெண்கள் திரையரங்கிற்குச் செல்லும் வழக்கமே இல்லாதிருந்தது. நம் குடும்பத்தின் முந்தைய தலைமுறைப் பெண்கள் சிவாஜியையும் சாவித்திரியையும் அறிந்தது வாடகை நாடாக்களாலும் பின்னர்த் தகடுகளாலுமே. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் விற்கத் தொடங்கியபோது, திருட்டுத் தகட்டின் விலைக்கே நேர்மையான தகடு கிடைத்தது. (தமிழ்நாட்டில் திருட்டு வீடியோத் தொழிலைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2004-இல் கொண்டுவந்ததை விட, இவ்விலைக்குறைப்பு அதிகம் சாதித்தது என்பது நம் எண்ணம்.) சமையற்கட்டிற்கும் கூடத்திற்கும் இடையே நின்று, தொழுகை நேரத்திற்கு நிறுத்தி, மறுநாள் தொடர்ந்து பார்த்த அவர்கள், எந்த நடிகை உண்மையாக அழுகிறாள், எவள் கிளிசரினில் அழுகிறாள் என்று கூறிய தீர்ப்புகளில் பல, அச்சேறிய விமரிசனங்களைவிடக் கூர்மையானவை. அவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை என்பது இழப்பே.

இன்று தகட்டின் காலம் முடிந்துவிட்டது என்பர். எல்லாம் இணையத்திலும் ஓ.டி.டி. தளங்களிலும் கிடைக்கையில் தகடு எதற்கு என்பர். திறனாய்வாளரின் பார்வையில் இவ்வினாவிற்கு விடை எளிது. அச்சிட்ட தகடு மாறுவதில்லை. இணையப் படி ஓசையின்றி மாறும். 1971-இல் வெளிவந்த 'பிரெஞ்ச் கனெக்ஷன்' என்னும் அமெரிக்கத் துப்பறியும் படத்தில் ஒரு பகுதி இணையத்தளத்துப் படியிலிருந்து நீக்கப்பட்டிருந்தமை 2023-இல் தெரியவந்தது. முன்னே வந்த தகடுகளில் அப்பகுதி இருந்தமையாலேயே நீக்கத்தை ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. நேற்று நாம் கண்ட படத்தைப் பற்றி எழுதியது, நாளை மாணவர் சரிபார்க்கையில் பொய்யாகிவிடுமாயின், அவ்வெழுத்திற்கு ஆய்வென்று பெயரிட இயலாது. மேற்கோளைச் சரிபார்க்கும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். தகடு அவ்வாய்ப்பைத் தருகிறது.

இவற்றையெல்லாம் இப்போது எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். கல்லூரி நூலகங்கள் சிலவற்றில் தகட்டு அடுக்குகளைக் கழித்துக்கட்டும் வேலை நடந்து வருகிறது. இயக்கும் கருவி இல்லை, இடம் அடைக்கிறது, எவரும் கேட்பதில்லை என்பன அவர்கள் கூறும் காரணங்கள். மூன்றும் மெய்யே. ஒரு நூலகத்தில் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த தகடுகளை நாம் புரட்டிப் பார்த்தபோது, ஐம்பதுகளின் தமிழ்ப்படங்கள் இருபதுக்கு மேல் கண்டோம். அவற்றுள் எவை முழுமையானவை, எவை வெட்டுண்டவை என்பதை எவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. தகட்டிற்கும் ஆயுள் உண்டு. உள்ளே இருக்கும் அலுமினியப் படலத்தைக் காற்று தீண்டினால் செல்லரித்த ஏட்டைப் போலத் தகடும் கெடும். வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். செல்லுக்கும் தீக்கும் ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கும் ஏடுகளைக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஊர் ஊராக அலைந்து தேடிய துறை நம்முடையது.

எனவே துறைத்தோழர்கள் முன் ஒரு சிறு திட்டத்தை வைக்கிறோம். முதுகலை மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆளுக்கொரு தகட்டை எடுத்துக்கொள்ளட்டும். வெளியிட்ட நிறுவனம், வி.சி.டி.யா டி.வி.டி.யா, ஓடும் நிமிடம், தணிக்கைச் சான்றிதழ் காட்டப்பெறுகிறதா, அதிற் கண்ட நீளம் எத்தனை, சட்டகம் வெட்டப்பட்டதா, ஒலி மூலத்தினதா புதுக்கியதா, பாட்டுப் புத்தகத்திற் கண்ட பாடல்கள் அனைத்தும் உள்ளனவா என்பவற்றை ஒரு தாளில் எழுதட்டும். தணிக்கைச் சான்றிதழில் உள்ள நீளம் மிகவும் பயன்படுவது. 35 மில்லிமீட்டர்ப் படம் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றிருந்தால் படம் 180 நிமிடம். தகடு 150 நிமிடம் ஓடினால், விரைவோட்டத்தால் குறைவது ஏறத்தாழ 7 நிமிடம் போக, மீதி 23 நிமிடம் எங்கே என்று தேடத் தொடங்கலாம். பழைய பாட்டுப் புத்தகங்களிற் கதைச்சுருக்கமும் இருப்பதால் விடுபட்ட காட்சியை ஓரளவு இனங்காணவும் முடியும். இதன்பின் எழுதப்பெறும் கட்டுரைகளின் முதற்பக்கத்தில் அத்தாளின் எண் இடம்பெறட்டும்.

நம் துறையில் ஓடும் நிலையிலுள்ள இயக்கி ஒன்று இருக்கிறது. விடுதிக் காப்பாளரிடம் மற்றொன்று உண்டு. தம் இல்லத்துப் பரணில் பழைய தகடுகளை வைத்திருப்போர், உறை கிழிந்திருந்தாலும் கீறல் விழுந்திருந்தாலும், எறிந்துவிடாமல் துறைக்கு அனுப்பி உதவலாம். இரண்டாம் தகடு மட்டும் எஞ்சியிருந்தாலும் அனுப்பலாம்.